கெயினுக்கு வைத்த பொட்டு

கலாவதிக்குக் குரல் இன்னும் திரும்பவில்லை என்பது வரை உங்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நியூஜெர்சி பார்சிப்பனியில் கோபாலசாமி, கலாவதி வீடு. இரண்டு பேருமே கோபிசெட்டிபாளையத்துப் பக்கம். ஒரே மகள் வெண்பா, பதினோராம் வகுப்பு. பதினைந்து வருஷம் ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கிக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்த்த கலாவதி, போன வருஷம் கான்ட்ராக்ட் முடிந்ததும் வேறு வேலை தேடவில்லை. மாடியில் துணிமணி வைக்கும் க்ளாசெட்டுக்குள் ஒரு மைக்கை நிறுத்தி, தமிழ்க் கதைகளை வாசித்துப் பதிவுசெய்ய ஆரம்பித்தாள். கேட்டவர்கள் சொக்கிப் போனார்கள்.

ஆகஸ்டில் கழுத்தில் தைராய்டு கட்டி. கெட்ட கட்டி இல்லை, எடுத்தாயிற்று. ஆனால் குரலுக்குப் போகிற நரம்பு அதே இடத்தில்தான் ஓடுகிறது, குரல் கொஞ்ச நாள் கம்மும், யாரோ ஒருத்தருக்கு அப்படியே நின்றும்விடும் என்று டாக்டர் சொல்லி வைத்தார். அந்த யாரோ ஒருத்தர் தான்தான் என்று கலாவதி முடிவே கட்டிவிட்டாள்.

போன வெள்ளிக்கிழமை, ஒரு நானூறு பக்க நாவலை வாசிக்கும் வாய்ப்புக்காக மாதிரிப் பதிவு ஒன்றைச் சென்னைக்கு அனுப்பியிருந்தாள். புதன்கிழமை காலை வரை பதில் இல்லை. சரி, இனி கதைக்கு வருவோம்.

டிசம்பர் குளிர். கலாவதி ஹீட்டரை அணைத்தாள். அது ஓடினால் அந்த உஸ்ஸென்ற சத்தம் மைக்கில் விழும். ஸ்வெட்டருக்கு மேல் சால்வையைச் சுற்றிக்கொண்டு க்ளாசெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மூன்று பக்கமும் பட்டுப்புடவைகளும் குளிர்கால கோட்டுகளும் தொங்கின. எக்கோ விழாமல் அவை பார்த்துக்கொள்ளும். ஒரு சின்ன மேசை, மைக், லேப்டாப். பக்கத்தில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி.

அந்தப் பெட்டிதான் ட்யூப் ப்ரீஆம்ப். பழைய ரேடியோவில் இருக்குமே, அந்த மாதிரி ஒரு கண்ணாடி வால்வு உள்ளே இருக்கிறது. மைக் பிடித்துத் தருகிற மெலிந்த சத்தத்தைத் தூக்கி நிறுத்தி லேப்டாப்புக்கு அனுப்புவது அதன் வேலை. பெரிய ஸ்டுடியோக்காரர்கள் இதைப் பார்த்தால் சிரிப்பார்கள். நூறு டாலருக்குள் வாங்கியது. ஆனாலும் குரலுக்கு ஒரு கதகதப்பு கொடுத்துவிடும்.

முகப்பில் இரண்டு குமிழ்கள். இடது பக்கம் கெயின், உள்ளே வரும் சத்தத்தை எவ்வளவு தூக்குவது என்பதற்கு. வலது பக்கம் அவுட்புட், லேப்டாப்புக்கு எவ்வளவு அனுப்புவது என்பதற்கு. சத்தம் மிஞ்சி லேப்டாப்பில் சிவப்பு எரிந்தால் வலதைக் குறைத்துக்கொள்வாள். இடதைத் தொடவே மாட்டாள். வாங்கிய புதிதில் ஒரு வாரம் மாற்றி மாற்றி வாசித்து, தன் குரலுக்கு இதுதான் இடம் என்று கண்டுபிடித்து, அங்கே கடுகளவில் ஒரு மெரூன் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டியிருந்தாள். இந்தியக் கடைகள் இருக்கிற ஓக் ட்ரீ ரோட்டில் வாங்கிய பொட்டு. வேலை முடிந்ததும் இரண்டு குமிழையும் பூஜ்யத்துக்குத் திருப்பி அணைப்பாள். மறுநாள் கெயினைத் திருப்பிப் பொட்டில் நிறுத்துவாள். அதோடு சரி.

பத்து நிமிடம் வால்வு சூடாகக் காத்திருந்து, அன்றும் பொட்டில் நிறுத்தி வாசித்தாள். மூன்றே வரி. நிறுத்தி, ஹெட்ஃபோனில் கேட்டாள்.

கரகரவென்று இருந்தது. ஒவ்வொரு சொல்லும் ஓரம் கிழிந்து வந்தது. போன வெள்ளிக்கிழமை அனுப்பியதிலும் இதே கிழிசல்தான். அக்டோபரில் மறுபடியும் உட்கார்ந்த நாளிலிருந்து வாராவாரம் கெட்டுக்கொண்டேதான் வருகிறது.

அவள் அழவில்லை. அழுதால் தொண்டை கெடும் என்று மூன்று மாதமாக அதைக்கூட அடக்கியே வைத்திருக்கிறாள். நிதானமாக மெயிலைத் திறந்து, ஆடியோ புத்தகக் கம்பெனியின் தயாரிப்பாளர் பர்வதம் அம்மாவுக்கு எழுதினாள். 'மன்னிக்கவும் மேடம். என் குரல் சரியாகவில்லை. நாவலை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.' அனுப்பியும் விட்டாள். சென்னையில் அப்போது இரவு எட்டரை மணி. ஐந்து மணிக்கு மேல் மெயில் திறக்கமாட்டேன் என்று பர்வதம் முன்பே சொல்லியிருந்தார்.

கீழே இறங்கி வந்தபோது கோபாலசாமி கோட்டைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றார். மருந்துக் கம்பெனியில் மெஷின் பராமரிப்பு எஞ்சினியர். இன்றைக்கு லீவு போட்டிருந்தார். பதினோரு மணிக்கு இஎன்டி டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட்.

"எப்படி வந்துச்சு கலா?" என்றார்.

அவள் கையை மட்டும் ஆட்டினாள். மூன்று மாதமாக அந்த வீட்டில் பாதிப் பேச்சு கையால்தான். மீதிப் பேச்சு காற்றில் ஓதுகிற மாதிரி இருக்கும்.

"போகப் போகச் சரியாப் போயிரும்" என்றார் கோபாலசாமி. சொல்லும்போது அவர் கண் அவளைப் பார்க்கவில்லை. அவருக்கே நம்பிக்கையில்லை என்று கலாவதி நினைத்துக்கொண்டாள்.

டாக்டர் வெள்ளைக்காரப் பெண்மணி, வளவளவென்று பேசமாட்டார். மூக்கு வழியாக ஒரு மெல்லிய கேமராவை விட்டு, "ஈ" சொல்லச் சொன்னார். கலாவதி சொன்னாள். திரையில் இரண்டு வெள்ளை நாடாக்கள் சேர்ந்து சேர்ந்து பிரிந்தன.

"பாருங்கள், இரண்டுமே அருமையாக அசைகின்றன. நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. வீக்கமும் வடிந்துவிட்டது" என்றார் டாக்டர்.

கோபாலசாமி எழுந்தே நின்றுவிட்டார். நிஜமாகவா என்று கேட்டார். ஆமாம் என்றார் டாக்டர். முழுசாகவா என்றார். முழுசாக என்றார் டாக்டர். இனிமேலும் ஒன்றும் ஆகாதே என்று மூன்றாவது தடவையும் கேட்டபோது, உங்கள் குரலையும் வேண்டுமானால் பார்த்துவிடட்டுமா என்றார் அந்த அம்மாள்.

கலாவதிக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. ஃபோனை எடுத்து, காலையில் பதிந்த மூன்று வரியைப் போட்டுக் காட்டினாள். டாக்டர் குனிந்து கேட்டார். புருவம் சுருங்கியது.

"இது நீங்களா?"

தலையாட்டினாள்.

"இந்த அறைக்குள் நீங்கள் பேசுவது எனக்குத் தெளிவாகத்தான் கேட்கிறது. கொஞ்சம் சத்தமாகத்தான் பேசிப் பாருங்களேன். பயப்படாதீர்கள்."

வீடு திரும்பும் வழி. ரூட் 46-ல் வண்டி போகிறது. கலாவதி ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். டாக்டருடையது ஆறுதலுக்குச் சொல்கிற முகமாக இல்லை. கேமரா பொய் சொல்லாது. அப்படியானால் பதிவில் கேட்பது என்ன?

பதினைந்து வருஷம் பார்த்த வேலை அவளுக்குள் மெல்லத் தலைதூக்கியது. ஒரு சாஃப்ட்வேரில் தப்பு வந்தால் அவள் முதலில் செய்கிற காரியம், மற்றதையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. இங்கே மாற்றாமல் விட்டது எது? மூன்று மாதமாக அவள் ஒரே ஒரு ஆளைத்தான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருக்கிறாள். தன் தொண்டையை.

"ஏனுங்க" என்றாள்.

"ம்."

"வீட்டுக்குப் போனதும் அந்த மைக்குல நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்க."

வண்டி லேசாக ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நேரானது. "நானா? நான் எதுக்கு? எனக்கு இருமல் வேற" என்றார் கோபாலசாமி. இருமியும் காட்டினார். அந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது. ஆனால் கலாவதியின் யோசனை வேறெங்கோ இருந்ததால் அவள் கவனிக்கவில்லை.

மூன்று மணிக்கு வெண்பா பள்ளியிலிருந்து வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அதற்குள் கலாவதி அவளை மாடிக்கு இழுத்துப் போனாள்.

"அம்மா, ஐ ஹேவ் எ கெமிஸ்ட்ரி டெஸ்ட் டுமாரோ!"

"அதையே படி கண்ணு. மைக்கைப் பார்த்துப் படி."

குமிழ் பொட்டில் நின்றது. சிவப்பு எரியாமல் அவுட்புட்டைச் சரிசெய்து தந்தாள். வெண்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏதோ அமிலம், ஏதோ காரம் என்று நாலு வரி வாசித்தாள். கலாவதி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டாள்.

கரகர.

ஹெட்ஃபோனைக் கழற்றி மகள் காதில் வைத்தாள்.

"ஓ மை காட்! ஐ சவுண்ட் லைக் அப்பா வித் எ கோல்ட்!"

பதினாறு வயதுப் பெண்ணின் கண்ணாடி மாதிரிக் குரல். அதுவும் ஓரம் கிழிந்துதான் வந்திருந்தது. கலாவதி புடவைகளைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா? ஆர் யூ ஓகே?"

"நானில்ல கண்ணு" என்றாள் கலாவதி. "நானில்ல. என்ற தொண்டையில்ல."

அப்புறம் எழுந்தாள். இப்போது அவள் பழைய டெஸ்டர் கலாவதி. மைக் ஒயரை மாற்றினாள். கரகர. லேப்டாப்பில் வேறு துளையில் செருகினாள். கரகர. பெட்டிதான் கெட்டுவிட்டதோ என்று ஃபோன் டார்ச்சை அடித்து முகப்பைக் கிட்டத்தில் பார்த்தாள்.

கெயின் குமிழைச் சுற்றி, கறுப்புப் பெயின்ட்டில், வெளிச்சம் சாய்ந்து விழுந்தால் மட்டும் தெரிகிற மாதிரி, குட்டிக் குட்டி வட்டங்கள். கோந்துத் தடம். ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்தால் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நிற்குமே, அதே தடம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கடிகாரமாக வைத்துக்கொண்டால் முதல் தடம் பத்து மணியில். அடுத்தடுத்தது நகர்ந்து நகர்ந்து, ஐந்தாவதாக, அசல் மெரூன் பொட்டு மூன்று மணியில் உட்கார்ந்திருந்தது.

இத்தனை வாரம் பக்கத்திலேயே இருந்தவளுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். அவள் பொட்டைத்தான் பார்த்தாள், குமிழைச் சுற்றி இருக்கிற எண்ணைப் பார்க்கவில்லை. தான் வைத்த பொட்டு எழுந்து நடக்கும் என்று யார் நினைப்பார்கள்?

க்ளாசெட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் தூசி துடைப்பது ஒரே ஒரு ஆளின் டிபார்ட்மென்ட்.

"ஏனுங்க!"

கீழே டீ போட்டுக்கொண்டிருந்த கோபாலசாமி அந்தக் கூப்பாட்டில் கரண்டியைக் கீழே போட்டார். மேலே வந்து, டார்ச் வெளிச்சத்தையும் வட்டங்களையும் பார்த்ததும் திருதிருவென்று முழித்தார்.

"சொல்லிப்போடறேன் கலா. கத்தாத. அக்டோபர்ல முத நாள் வாசிச்சியே, ஞாபகமிருக்குதா? லேப்டாப்புல சத்தத்தைக் காட்டற அந்தக் கோடு எறும்பு போற மாதிரி மெலிசா வந்துச்சு. நீ அதப் பார்த்துட்டு ராத்திரி சாப்பிடாமப் படுத்துட்ட. எனக்கு மனசு கேக்கல. ஞாயித்துக்கெழமை கொஞ்சூண்டு தள்ளி ஒட்டி வச்சேன். மக்யா நாள் கோடு பெருசா வந்துச்சு. நீ சிரிச்ச. ரெண்டு தோசை சாப்பிட்ட."

"அப்புறம்?"

"அப்புறம் நீ பயந்து பயந்து இன்னும் மெதுவாப் பேசுன. கோடு மறுக்கா சின்னதாச்சு. மறுக்கா தள்ளுனேன்."

"அஞ்சு தடவைங்களா?"

"நாலு."

"வால்வுக்குத் தாங்கற அளவு ஒண்ணு இருக்குதுங்க. அதுக்கு மேல திணிச்சா சத்தம் கிழியும். சிவப்பு எரிஞ்சப்ப எல்லாம் நான் அந்தப் பக்கம் கொறச்சுட்டே வந்தேன், அதனால லேப்டாப்பும் ஒண்ணும் சொல்லல. வாரா வாரம் என்ற கொரலு செத்துட்டே வருதுன்னு நான் ஒக்காந்து கேட்டுட்டு இருந்தனே! இன்னிக்குக் காத்தால நாவலே வேண்டாம்னு மெயில் போட்டுட்டனே! உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலீங்களா? மெஷினு பார்க்கறவரு தானே நீங்க? ஓவர்லோடுன்னா தெரியாது?"

"கொரலும் மெஷினும் ஒண்ணா கலா" என்றார் அவர் பாவமாக. "கரகரங்கறது ஆபரேஷன்னாலன்னுதான் நானும் நெனச்சேன். உன்ற முன்னால காட்டிக்கல. வண்டில தனியாப் போறப்ப உன்ற பழைய பதிவைத்தான் போட்டுக் கேட்டுட்டுப் போவேன்."

கலாவதி மறுபடியும் திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். அப்போதுதான் வெண்பா கையைத் தூக்கினாள், வகுப்பில் தூக்குகிற மாதிரி.

"கைஸ். அம்மா இஸ் யெல்லிங்."

உண்மைதான். ஆகஸ்டுக்குப் பிறகு முதல் தடவையாக அந்த வீட்டில் கலாவதி கத்தியிருக்கிறாள். கீழே வாசல் வரை கேட்டிருக்கும். தொண்டை வலிக்கவில்லை, கம்மவில்லை.

கோபாலசாமி மெதுவாக, "இன்னும் கொஞ்சம் வேணும்னா திட்டு கலா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

திட்டினாள். கடைசிவரை திட்டி முடித்துவிட்டு, பொட்டைப் பிய்த்து, பத்து மணித் தடத்தின் மேல் பழையபடி ஒட்டினாள். கெயினை அங்கே நிறுத்தினாள். ஹீட்டரை அணைக்கச் சொன்னாள். மகளையும் புருஷனையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டு, நாவலின் முதல் பக்கத்தை வாசித்தாள். மெதுவாக இல்லை. முன்பெல்லாம் எப்படி வாசிப்பாளோ அப்படி.

ஹெட்ஃபோனில் வந்தது அவள்தான். கொஞ்சம் தடித்திருந்தது, ஆபரேஷனின் மிச்சமாக இருக்கலாம். ஆனால் அவளேதான். மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகையைப் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் உட்கார்ந்து தாராளமாக அழுதாள்.

அந்தப் பக்கத்தை உடனே பர்வதத்துக்கு அனுப்பினாள். 'காலை மெயிலைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். தப்பு என் குரலில் இல்லை.' இதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. புருஷன் பொட்டை நகர்த்திவிட்டார் என்றா எழுத முடியும்?

ஏழரை மணிக்கு, சாப்பிட்டு முடித்துத் தட்டை எடுக்கும்போது ஃபோன் அடித்தது. சென்னை நம்பர். அங்கே விடிகாலை ஆறு மணி.

"கலாவதி, பர்வதம் பேசறேன். வாக்கிங் வந்த இடத்துல ரெண்டு மெயிலையும் சேர்த்துப் பார்த்தேன். முதல் மெயிலை நான் படிக்கலைன்னு வச்சுக்கறேன். இப்ப அனுப்பினீங்களே, அது பிரமாதம். முழு நாவலையும் அந்தக் குரல்லயே வாசிங்க."

கலாவதி நாற்காலியில் உட்கார்ந்தாள். வெண்பாவைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள்.

"ஆனா ஒரு சின்னச் சிக்கல்" என்றார் பர்வதம். "அஞ்சு நாளா ஏன் பதில் போடலைன்னா, போன வெள்ளிக்கிழமை அனுப்பினீங்க பாருங்க, கரகரன்னு, அதை நாவல் எழுதினவங்களுக்கு அனுப்பியிருந்தேன். நேத்து ராத்திரிதான் கேட்டாங்க. ஒத்தக் கால்ல நிக்கறாங்க. கதையில வேலம்மான்னு ஒருத்தி வர்றா இல்ல, முப்பது வருஷம் மில்லுல பஞ்சுத் தூசி தின்னவ? அவளுக்கு அச்சு அசலா அந்தக் குரல்தான் வேணுமாம். அவ பேசற இடமெல்லாம் அதே குரல்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு பத்துப் பக்கம் அனுப்பிட்டா ஒப்பந்தம் போட்டுடலாம். திரும்பவும் அதே மாதிரி வருமா?"

"வரும் மேடம்" என்றாள் கலாவதி. "அதுக்கென்ன, ஒரு பொட்டு வச்சா போதும். லைன்லயே இருங்க."

ஃபோனும் கையுமாக மாடிக்கு ஓடினாள். கிழிசலுக்கு அளவு இருக்கிறது. கொஞ்சம் கூடினால் சொல்லே புரியாது, கொஞ்சம் குறைந்தால் வேலம்மா காணாமல் போவாள். ஆனால் அந்த மூன்று மணித் தடம்தான் பத்திரமாக இருக்கிறதே.

க்ளாசெட் கதவைத் திறந்தாள். உள்ளே நெயில் பாலிஷ் ரிமூவர் வாசனை குப்பென்று அடித்தது. கோபாலசாமி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பஞ்சும் பாட்டிலுமாக நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் பெருமை.

"அந்தத் தடத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு கலா. நல்லாத் தொடச்சுட்டேன். பாரு, புதுசு மாதிரி இருக்குது."

புதுசு மாதிரிதான் இருந்தது. பத்து மணியில் அவள் ஒட்டிய மெரூன் பொட்டு ஒன்றுதான் மிச்சம். கோந்துத் தடம் ஒன்றுகூட இல்லை. குமிழைச் சுற்றி அச்சடித்திருந்த எண்களும் இல்லை. எல்லாம் பஞ்சுக்கு வந்துவிட்டிருந்தன.

"மூணு மணிக்கிட்ட... அந்தக் கடைசிப் பொட்டு சரியா எங்கீங்க இருந்துச்சு?"

"இங்க" என்று விரலை வைத்தார். யோசித்தார். விரலை நகர்த்தினார். "இல்ல, இங்கயா?"

கலாவதிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மூன்று மாதமாகச் சிரிப்பு வந்தால் கை தானாகத் தொண்டைக்குப் போகும். இன்றைக்குப் போகவில்லை. புடவைகள் ஆட, கதவில் சாய்ந்துகொண்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

ஃபோனில் பர்வதம், "ஹலோ? கலாவதி? யாரு அங்க இப்படிச் சிரிக்கறது?" என்றார்.

"நான்தான் மேடம்" என்றாள் கலாவதி. "நானேதான்."